உப்புச் சர்க்கரைக் கரைசல்: அளவு ஒத்துவருகிறதா?

மணலியை அடுத்த மாத்தூரில் ஒரு வீடு. இரண்டு வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றால் போகிறது. தகப்பனார் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். தாயார் அதில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ள, ஒரு லிட்டரா குடிக்கப் போவுது? அதான் பாதி போட்டேன்" என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்குத் தண்ணீர் ஒரு லிட்டர், அதாவது 200 மி.லி. டம்ளரால் 5 டம்ளர். பாதி பாக்கெட்டுக்கு 1 டம்ளர் என்றால் முழு பாக்கெட்டுக்கு 2 டம்ளர்தான் ஆகிறது. இருக்க வேண்டியதோ 5. கரைசல் இரண்டரை மடங்கு கெட்டி! உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். தண்ணீர் மிஞ்சினாலோ, இழந்த உப்பு உடம்பில் சேராது.

பாக்கெட் கிடைக்காதபோது வீட்டிலேயே செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. அரை லிட்டருக்குச் சர்க்கரை 3, உப்பு கால். இதுவும் அதே விகிதம். அப்படியானால் ஒரு டம்ளருக்கு? உப்பு, கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. காகிதத்தில் கணக்குச் சரி, கை அளக்குமா? ஆகவே ஒரு லிட்டராகவே கலக்குங்கள். பாக்கெட்டையும் பிரிக்க வேண்டாம். ஒரு டம்ளருக்கான சிறிய பாக்கெட்டும் விற்கிறது; உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள்.

உங்கள் வீட்டு டம்ளர் 200 மி.லி.தானா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, டம்ளரில் ஊற்றி எண்ணிப் பாருங்கள். கணவன்மாரே, இது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, பன்காவில் டாக்டர் திலீப் மகலாநபீஸ் டிரம் டிரம்மாகக் கரைசல் கலந்து கொடுத்தார். லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். டிரம் பெரிதானாலும் லிட்டர் கணக்கு மாறவில்லை. பல உயிர்கள் பிழைத்தன.

இரண்டு வயதுக்குக் கீழே, ஒவ்வொரு முறை போனதும் கால் முதல் அரை டம்ளர். அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். கலந்த கரைசல் 24 மணி நேரத்துக்கு மேல் உதவாது, கொட்டிவிடுங்கள். கண் உள்வாங்கினால், குழந்தை துவண்டால், குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.