டாப் மார்க்கை முதலில் சந்தேகியுங்கள்

பிரித்துக் கட்டிய பழைய இஞ்சினில் இக்னிஷன் டைமிங் சரியில்லை என்றால் எல்லார் கையும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டுக்குத்தான் போகிறது. என் கணிப்பில் பிழை பெரும்பாலும் அங்கே இல்லை. எந்தக் குறியை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறோமோ, அந்தக் குறியில் இருக்கிறது. அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பி.எம்.சி. இஞ்சினையே எடுத்துக்கொள்வோம். கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு, டைமிங் கவரில் முள். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பது கணக்கு. ஓவர்ஹால் முடிந்த இஞ்சினில் அந்தக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. புல்லி வேறொரு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம், கவர் மாறியிருக்கலாம், முள் வளைந்திருக்கலாம். 12 செ.மீ. குறுக்களவுள்ள புல்லியில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் ஒரு மி.மீ. சொச்சம்தான். முள் 4 மி.மீ. விலகியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைமிங் லைட்டும் கிட்டத்தட்ட 4 டிகிரி பொய்யைத்தான் பளிச்சென்று காட்டும்.

பிளக் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடமே உச்சி என்று கொள்ளும் வழக்கம் உண்டு. இந்த இஞ்சினின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. ஆனால் உச்சிக்கு 5 டிகிரி முன்னால் பிஸ்டன் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே கீழே நிற்கிறது. அதைக் கை உணராது. பிஸ்டன் நன்றாக நகரும் இடத்தில் அளந்து, நடுவைக் கணக்கிடுவதே வழி. ஹெட் மாட்டும் முன்பே, சிலிண்டருக்குக் குறுக்கே ஒரு பட்டை இரும்பைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன் நடுவில் பிஸ்டனைத் தடுக்க ஒரு திருகு வையுங்கள். கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, முட்டும் இடத்தில் முள்ளுக்கு நேரே புல்லியில் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய பகுதியின் நடுதான் உண்மையான உச்சி. ஹெட்டை இறக்கிய பிறகு இந்த வேலை தொல்லை. பிளக் துளை சாய்வாக இருக்கிறது.

அடுத்தது பாயிண்ட் இடைவெளி. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. இதை டைமிங்குக்கு முன்பே வைத்துவிட வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து ஸ்பார்க் முந்தும், குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு கம்பி முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, இஞ்சினை அது ஓடும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். பல்பு எரியும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். உச்சியைத் தேடும்போது பின்னோக்கித் திருப்பலாம், ஏனென்றால் பிஸ்டனும் புல்லியும் ஒரே கிராங்க்கைச் சேர்ந்தவை. டிஸ்ட்ரிபியூட்டருக்கோ இடையில் செயினும் பல்சக்கரமும் உண்டு. பின்னோக்கித் திருப்பினால் அவற்றின் தளர்வெல்லாம் அளவில் சேர்ந்துவிடும்.

இத்தனை எதற்கு, அந்தக் கால மெக்கானிக்குகள் காதால் கேட்டே வைத்தார்களே என்று கேட்கலாம். வைத்தார்கள், வண்டிகளும் ஓடின. ஆனால் காது கேட்பது ஐடிலில் ஓடும் இஞ்சினை. ஸ்பார்க்கை முன்னே தள்ளத் தள்ள ஐடில் வேகம் கூடும், ஓட்டமும் வழவழப்பாகும். அதனால் காது எப்போதும் அளவுக்கு மீறிய அட்வான்ஸையே விரும்பும். வேக்குவம் கேஜுக்கும் இதே பலவீனம். கேடு விளைவது பாரம் இழுத்து மேடேறும்போது. அப்போது எழும் நாக்கிங் சத்தத்தைக் கியரும் டயரும் மூடிவிடும். புது பிஸ்டன்தான் அதற்கு விலை.

அப்படியானால் புத்தகத்து எண்ணை வைத்துவிட்டால் போதாதா? அது தொடக்கப் புள்ளி மட்டுமே. 800 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது, 3000-இல் 18 டிகிரி. எரிவதற்கான நேரம் அதே விகிதத்தில் குறையாததால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் ஸ்பார்க்கை முன்னேற்றுகின்றன. அவற்றின் ஸ்பிரிங் பல பத்தாண்டுகளில் தளர்ந்திருந்தால், ஐடிலில் சரியாக நிற்கும் டைமிங் 2000-இலேயே எகிறிவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டேன் என்பதும் இதற்குப் பதிலாகாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டின் இடத்தில் மட்டும் மாட்டும் கிட் என்றால் எடையும் ஸ்பிரிங்கும் பழையவைதான். வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, 3000 வரை படிப்படியாக ஏற்றி டைமிங் லைட்டால் பாருங்கள். கையேட்டின் அட்டவணை டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் இருந்தால் டிகிரியையும் ஆர்.பி.எம்.மையும் இரட்டிக்க வேண்டும். அது கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது.

மேலும், அந்த எண் எழுதப்பட்டபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் போய் எத்தனால் வந்துவிட்டது. ஹெட்டைச் சீவியிருந்தால் கம்ப்ரெஷனும் கூடியிருக்கும். அதனால் கடைசிச் சோதனை சாலையில்தான்: டாப் கியரில், குறைந்த வேகத்தில், மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டர். நாக்கிங் கேட்டால் ஒவ்வொரு டிகிரியாகப் பின்னுக்கு இழுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்த பிறகே டைமிங்கை மறுபடி பாருங்கள்.