தூர்த்த நிலம் யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், சாரம்)



2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் அடித்த ராத்திரியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் புதுவையில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. சாரத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டே ஆயா சொன்னாங்க: "தண்ணி நம்ம வீட்டுக்கு வரலடா, அது வீட்டுக்கு அது வந்திருக்கு."

எங்கள் மனை ஒரு காலத்தில் மாடு குளிப்பாட்டிய குட்டையாம். யாரோ கிராவல் கொட்டி மேடாக்கி மனை போட்டு விற்றிருக்கிறார்கள். விற்றவருக்கு லாபம், வாங்கிய அப்பாவுக்குக் கடன், தெருவுக்கு வெள்ளம். நீர் இருந்த இடத்தைத் தூர்த்தால் அந்த நிலம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய பாடம் பம்பாய். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்குக் கிராக்கி வந்தது. கையில் பணம் புரண்டதும், பேக் பே என்ற கடற்பகுதியைத் தூர்க்க ஒரு தனியார் கம்பெனி கிளம்பியது. அதன் பங்குகள் பல மடங்கு விலைக்குப் போயின. 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது, கம்பெனியும் விழுந்தது.

1920-களில் அரசே மறுபடி இறங்கியது. திட்டம் ஏறத்தாழ 1,145 ஏக்கர். நாம் சாயில் மெக்கானிக்ஸில் படிப்பது போல, முதலில் தடுப்புச் சுவர், பிறகு நிரப்பு மண். ஆனால் உள்ளே கொட்டிய சேறு, கற்சுவரின் இடுக்கு வழியாக மறுபடியும் கடலுக்கே போய்க்கொண்டிருந்தது! செலவு எகிறியது. இந்த ஊழலையும் வீண் செலவையும் கே. எஃப். நரிமன் என்ற வழக்கறிஞர் அம்பலப்படுத்தினார். அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள், வென்றது அவர்தான்.

அந்த நிலத்தின் இன்றைய நிலை என்ன? தூர்த்த நிலத்தின் விளிம்பில் போட்ட மெரின் டிரைவில் கூலிக்காரரும் கோடீஸ்வரரும் ஒரே சுவரில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். கொஞ்ச தூரத்தில், பின்னாளில் தூர்த்த இடத்தில், பெரிய கம்பெனிகளின் மாடிக் கட்டடங்கள். அந்த இடத்துக்குப் பெயர் நரிமன் பாயிண்ட்! எதிர்த்துப் போராடியவர் பெயரை வைத்துவிட்டு, நிலத்தை வியாபாரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் வேறு வழி. அங்கே கடலைத் தூர்த்த மண்ணில்தான் மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள், கிழக்குக் கடற்கரைப் பூங்கா, சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி எல்லாம் இருக்கின்றன. தூர்த்தது அரசு, முடிவு செய்ததும் அரசு. கொழும்புத் துறைமுக நகரத்தில் 269 ஹெக்டேர். பணம் போட்ட சீனக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகையில் 116 ஹெக்டேர், அரசுக்கு 62, பொது இடங்களுக்கு 91. ஆக, ஒப்பந்தம் எழுதும்போதே பங்கு பிரிந்துவிடுகிறது. அந்த மணலைக் கடலில் எடுத்ததால் மீன்வளம் போகுமென்று போராடிய நீர்கொழும்பு மீனவர்களுக்கு அந்தப் பங்கில் என்ன இருந்தது?

சென்னை தியாகராய நகரும் 1920-களில் மாம்பலம் ஏரியில் எழுந்ததுதான். பனகல் பூங்கா போன்ற பொது இடங்களை விட்டே திட்டமிட்டார்கள். ஆனாலும் பெருமழையில் அங்கே தண்ணீர் நிற்கிறது. 'பொதுநலம்' என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. தண்ணீருக்கும் வழி வேண்டும்.

நம்ம ஊருக்கே வருவோம். 1989 வாக்கில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. பீச் ரோடு மணலை இழந்து வெறும் பாறாங்கல் ஆனது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். மணல் திரும்பச் சேர்ந்தது. அந்த மணலில் யாரும் மனை போட்டு விற்கவில்லை. பிள்ளைகள் விளையாடினார்கள்.

தோழர்களே, நாளைக்கு லெவல் ஸ்டாஃபைப் பிடிக்கப் போவதும் மெஷர்மென்ட் புக்கில் எழுதப் போவதும் நாம்தான். ஒரு நிலத்தைத் தூர்க்கச் சொன்னால் மூன்று கேள்வி கேட்போம். பணம் யாருடையது? பொதுவுக்கு எத்தனை ஏக்கர் என்று எழுத்தில் இருக்கிறதா? அங்கே இருந்த தண்ணீர் இனி எங்கே போகும்?

மூன்றாவது கேள்வி இப்போது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. வீட்டையும் வாசலையும் மண் போட்டு இரண்டடி உயர்த்திவிடலாம் என்கிறார் அப்பா. தெருவுக்கு லெவல் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் உயர்த்தினால் அத்தனை தண்ணீரும் எதிர்வீட்டுக்குத்தான் போகும். அதனால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லித் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம். வரைபடம் நான் போட்டேன். அதில் எங்கள் மனை இருக்கும் இடத்தில் 'பழைய குட்டை' என்றே குறித்திருக்கிறேன்.