உருகிய கந்தகமும் 40 டிகிரி இடைவெளியும்: குழாய்ச் சூடேற்றம் கணக்கிடும் இளம் பொறியாளருக்கு ஒரு கடிதம்

உருகிய கந்தகம் 119 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்குகிறது. 159 டிகிரியைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைகின்றன. அதுவரை இளகி ஓடியது பாகாக இறுகி, 187 டிகிரி வாக்கில் பல ஆயிரம் மடங்கு பிசுபிசுப்பாகிவிடுகிறது. இந்த 40 டிகிரி இடைவெளிக்குள் குழாயை வைத்திருப்பதற்காகத்தான் ஹீட் டிரேசிங், அதாவது குழாயோடு ஒட்டிச் செல்லும் மின்கேபிளாலோ நீராவியாலோ சூடேற்றுவது.

கணக்கு எளிது. குழாய்க்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை இன்சுலேஷனின் வெப்பக் கடத்துதிறனாலும் இரண்டு பையாலும் பெருக்க வேண்டும். இன்சுலேஷனின் வெளிவிட்டத்தை உள்விட்டத்தால் வகுத்து, அந்த விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்குத்தொகையை வகுத்தால், ஒரு மீட்டரில் இழக்கும் வெப்பம் கிடைக்கும். 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. அதன்மேல் 75 மி.மீ. ராக்வூல், கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 0.05 வாட், குழாய் 140 டிகிரி, குளிர்கால இரவு 15 டிகிரி என்றால் இழப்பு மீட்டருக்கு 47 வாட். ராக்வூலை 150 மி.மீ. ஆக்கினாலும் இழப்பு பாதியாவதில்லை, 30.5 வாட்டில்தான் நிற்கிறது. மடக்கை செய்யும் வேலை அது.

இந்த 47 வாட்டோடு 20 சதவீதம் கூட்டி மீட்டருக்கு 56 வாட் கேபிள் போடுவது வழக்கம். புதியவர் பெரும்பாலும் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார். மூடக் கூடாது. கோடை நண்பகலில் வெளிக்காற்று 40 டிகிரி, குழாயில் ஓட்டமில்லை, கட்டுப்பாட்டுக் கருவி பழுது என்று வைத்து அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் குழாய் 190 டிகிரியை எட்டுகிறது. உறையாமலிருக்கச் சேர்த்த மிகையே கந்தகத்தை இறுக்கிவிடும். குளிர்ந்த இரவுக்கு ஒன்று, வெயில் பகலுக்கு ஒன்று என இரண்டு கணக்கும் முடிந்தால்தான் வடிவமைப்பு முடிந்ததாகும். மின்கேபிளுக்குத் தெர்மோஸ்டாட்டோடு தனியாக ஓர் உச்சவரம்புத் துண்டிப்பானும் தேவைப்படுவது இதனால்தான். கந்தகத்துக்கு நீராவி நெடுங்காலமாக விரும்பப்படுவதற்கும் இதுவே காரணம்: 3.5 பார் கேஜ் அழுத்தத்தில் தெவிட்டிய நீராவியின் வெப்பநிலை 148 டிகிரி. அழுத்தம் ஏறாதவரை குழாய் அதைத் தாண்ட வழியே இல்லை.

வால்வு, ஃபிளாஞ்ச், சப்போர்ட் ஆகியவை நேர்க்குழாயைவிட அதிகமாக வெப்பத்தைக் கசியவிடுபவை. ஒவ்வொன்றுக்கும் கேபிள் நீளத்தைத் தனியே கூட்ட வேண்டும். இன்சுலேஷனை மூடும் மேல்தகட்டின் இணைப்பு வழியே மழைநீர் இறங்கினால் 0.05 என்ற எண்ணே பொய்யாகிவிடும். ராக்வூலுக்குள் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது; நீரின் கடத்துதிறன் காற்றினுடையதைப் போல 20 மடங்குக்கும் மேல்.

சூடேற்றமும் ஓட்டமும் சேர்ந்து நின்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் கணக்கிட்டு வைப்பது நல்லது. மேற்சொன்ன குழாயில் ஒரு மீட்டரில் உள்ள கந்தகமும் எஃகும் சேர்ந்து ஒரு டிகிரி குளிர ஏறத்தாழ 23 கிலோஜூல் வெளியேற வேண்டும். அந்தக் கணக்கில், 140 டிகிரியிலிருந்து 119க்கு இறங்கச் சுமார் 3 மணி நேரம். ஃபிளாஞ்சில் அதற்கு முன்பே உறையும்.

உறைந்துவிட்டால் மீண்டும் உருக்குவதில் அவசரம் ஆபத்து. கந்தகம் உருகும்போது விரிகிறது. குழாயின் நடுப்பகுதி முதலில் உருகி, இரு பக்கமும் கட்டி அடைத்திருந்தால் அழுத்தம் ஏறிக் குழாயே வெடிக்கலாம். திறந்த முனையிலிருந்து தொடங்கி, உருகியது வெளியேற வழிவிட்டு, பகுதி பகுதியாகச் சூடேற்ற வேண்டும். அதற்கேற்ப டிரேசிங்கைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிப்பது வரைபடத்திலேயே செய்ய வேண்டிய வேலை.