கல்லுடைக்கும் நீரலை

நுழையும்முன்
கருங்கல்லைப் பிளக்க உளி வேண்டும். உடலுக்குள் விளைந்த கல்லைப் பிளக்கவோ, நீரில் எழும் அலை ஒன்றே போதும்.

நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் முட்டம், கடியபட்டணம் முதலிய ஊர்களில் பாறைச் சிப்பி எடுக்க மூழ்குவோர், நீரின் அழுத்தத்தைச் செவிப்பறையால் அறிவர். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அதைப்போல் பல நூறு மடங்கு அழுத்தத்தை, ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரம் மட்டும் உண்டாக்கும் கருவி உண்டு. சிறுநீரகக் கல்லை உடைப்பது அதன் பணி.

கல்லடைப்பு எனச் சித்த மருத்துவம் குறிக்கும் இந்நோய் பழைமையானது. சிறுகண்பீளையும் நெருஞ்சிலும் அதற்கு மருந்தாக நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. மருந்துக்கு அடங்காத பெரிய கல்லை அகற்ற, முன்னர் விலாப்புறத்தைக் கீறித் திறந்தனர். வயலிலும் கடலிலும் உடலுழைப்பை நம்பி வாழ்பவர்க்கு அக்கீறல் பல வாரப் பிழைப்பைப் பறித்தது.

மின்காந்த விசையால் நீர்மத்தில் அழுத்தத் துடிப்பை எழுப்பும் முறையை, ஜெர்மானிய இயற்பியலறிஞர் வோல்ஃப்காங் ஐசன்மெங்கர் 1962இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். எனினும், 1980இல் மியூனிக் நகரில் முதல் நோயாளியின் கல்லை உடைத்தது நீருக்குள் எழுப்பிய மின்பொறியே. பொறி ஒவ்வொரு முறையும் சற்றே மாறுபடும், மின்முனைகளும் தேயும். பின்னர் வந்த மின்காந்தக் கருவிகள் இக்குறைகளைத் தவிர்த்தன.

அக்கருவியின் அமைப்பு எளியது. தட்டையாகச் சுற்றிய கம்பிச்சுருள். அதன்மேல் மின்காப்புத் தாள். அதன்மேல் மெல்லிய உலோகத் தகடு. தகட்டின் மறுபுறம் நீர். மின்தேக்கியில் பல்லாயிரம் வோல்ட்டில் சேர்த்த மின்னூட்டத்தைச் சுருளில் ஒரே வீச்சில் பாய்ச்சினால், தகட்டில் எதிர்த்திசையில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. சுருள் தகட்டைத் தள்ள, தகடு நீரைத் தள்ளுகிறது. எழுந்த அலையை ஒலிவில்லை ஒன்று கல்லின்மேல் குவிக்கிறது.

வழியிலுள்ள தசை சிதையாதது ஏன்? தசையின் பெரும்பகுதி நீர். நீரில் வந்த அலைக்கு அது புதிய ஊடகமன்று. மேலும், தோலில் பரந்து நுழையும் ஆற்றல் கல்லிடத்தேதான் செறிகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழ்கடலில் படகுகளின் கீழே உணரப்படாமல் கடந்த ஆழிப்பேரலைதான் குளச்சல் கரையில் உயிர்களைக் கொண்டுசென்றது. காரணங்கள் வேறு, கடக்கும் இடமும் தாக்கும் இடமும் வேறு என்பதே இங்கு ஒப்புமை.

கல்லுக்குள் புகுந்த அலை பின்புறத்தில் எதிரொளித்து இழுவிசையாகத் திரும்புகிறது. அமுக்கத்தைத் தாங்கும் கல் இழுவிசையைத் தாங்காது விரிசலுறுகிறது. இரண்டாயிரம், மூவாயிரம் துடிப்புகளில் துகளாகிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. இதை முற்றிலும் தீங்கற்றது எனல் மிகை. சிறுநீரில் சிறிது குருதி தோன்றலாம். கருவுற்றோர்க்கும் குருதி உறையாக் குறையுடையோர்க்கும் இம்முறை விலக்கு.

இவ்வலைக்குத் தடை காற்றே. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஏறத்தாழ முழு ஆற்றலும் திரும்பிவிடும். எனவே, நீர்ப்பைக்கும் தோலுக்கும் இடையே தடவும் பசையில் காற்றுக்குமிழி தங்காதவாறு பணியாளர் கையால் நீவி விடுகிறார்.