டாலியின் மடிச் செல்

அன்புள்ள கயல்,

கடிதம் கிடைத்தது. குளோனிங் பாடம் நடந்த அன்று, இறந்துபோனவர்களைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வகுப்பில் ஒரே பேச்சாக இருந்ததாம். முடியாதம்மா. குளோன் என்பது ஒரே மரபணுக்கள் கொண்ட நகல் மட்டுமே. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறக்கும் இரட்டையர்கூட இரண்டு தனி ஆட்கள்தான். ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையும் அதன் நினைவுகளும் மரபணு வழியாக வருவதில்லை. ஆனால் அந்தப் பேச்சிலேயே நின்றுவிட்டால் குளோனிங் மருத்துவத்துக்குத் தந்த பெரிய கொடையைத் தவறவிட்டுவிடுவாய். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1996 ஜூலை 5 அன்று, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் டாலி என்ற செம்மறிக்குட்டி பிறந்தது. இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் இருவரின் குழு, வெள்ளை முகமுள்ள ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து வந்த செல்லை எடுத்துக்கொண்டது. கறுப்பு முக ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை உறிஞ்சி நீக்கியது. பிறகு மின்துடிப்பு கொடுத்து முட்டையையும் செல்லையும் ஒன்றாக்கியது. கேம்ப்பெல்லின் யோசனை ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மடிச் செல்லுக்கு ஊட்டத்தைக் குறைத்துப் பட்டினி போட்டார். பெருகிக்கொண்டிருந்த செல் ஓய்ந்தது. ஓய்ந்த செல்லின் உட்கருவை முட்டையால் தன் வழிக்குத் திருப்ப முடிந்தது. அப்படியும் 277 இணைப்புகளில் 29 மட்டுமே கருவாக வளர்ந்தன. உயிரோடு பிறந்தது டாலி ஒன்றுதான். அந்தக் கருவைச் சுமந்த கறுப்பு முக வாடகைத் தாய் வெள்ளை முகக் குட்டியை ஈன்றபோதே அது யாருடைய நகல் என்று தெரிந்துவிட்டது.

பால் சுரக்கவென்றே ஆகிவிட்ட ஒரு செல், முழு ஆட்டையும் உருவாக்கும் குறிப்புகளை இழக்கவேயில்லை. தலைப்பிரட்டையின் குடல் செல்லை வைத்து ஜான் கர்டன் 1962-லேயே இதைக் காட்டியிருந்தார். ஆனால் வளர்ந்த பாலூட்டியிடம் இது நடக்காது என்றே பலர் நம்பினார்கள். நோயாளியின் செல்லிலிருந்தே அவருக்கு வேண்டிய திசுவை வளர்க்கலாம், அதை உடல் அந்நியமாக எண்ணி எதிர்க்காது என்ற நம்பிக்கை அதன்பின் வலுத்தது.

முட்டுக்கட்டை கருமுட்டைதான். ஊசி மருந்து, சிறு அறுவை என்று ஒரு பெண் உடலை வருத்தித்தான் அதைத் தர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படிக் கேட்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் வேறு வழி கண்டார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோல் பகுதிச் செல்லைக் கருநிலைச் செல் போல மாற்றினார்; முட்டையே தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் அது பலித்தது. வில்மட்டே மனிதக் கரு குளோனிங்கைக் கைவிட்டு இந்தப் பாதைக்கு வந்தார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. 2012-ல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிற்காலத்தில் வில்மட்டுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது, 2023-ல் காலமானார். கியோட்டோவில் அதே நோயுள்ள ஏழு பேரின் மூளையில், யமனாகா முறைப்படி மாற்றிய செல்களிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை வைத்திருக்கிறார்கள். 2025-ல் முடிவுகள் வெளியாயின. கடுமையான பக்கவிளைவு இல்லை. சிலருக்கு உடல் அசைவு மேம்பட்டிருக்கிறது. ஏழு பேர் போதாது, இன்னும் பலரிடம் சோதிக்க வேண்டும். உன் ஆசிரியரிடம் இதைச் சொல்லி, வகுப்பில் பேச நேரம் கேள்.

அன்புடன்,
சித்தப்பா