மிலானில் இரண்டு நாள்

சத்துவாச்சாரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். லீனியாபெல்லே தோல் கண்காட்சி முடிந்து உனக்கு மிஞ்சுவது இரண்டு நாள். அதற்குள் மிலான், வெனிஸ், கோமோ ஏரி, முடிந்தால் சுவிட்சர்லாந்து எல்லையில் ஓர் ஊர் என்று போட்டிருக்கிறாய். கம்பெனியில் முன்னால் போய்வந்தவர்கள் யாராவது போட்டுக்கொடுத்திருப்பார்கள். அவர்கள் பார்த்ததில் பாதி ரயில் ஜன்னலாகத்தான் இருக்கும். வெனிஸ் போக மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், திரும்பிவர அதே அளவு. பிப்ரவரியில் அங்கே மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே வெனிஸை வெட்டு, கோமோவையும் வெட்டு. வேலையை ஒழுங்காகப் பார்த்தால் செப்டம்பர் கண்காட்சிக்கும் உன்னையே அனுப்புவார்கள்.

முதலில் விசா. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடாதே. ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று எண் போட்டிருக்கும். நீ கொடுக்கிற டிக்கெட், ஓட்டல் ரசீது, இன்சூரன்ஸ் இவற்றைப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போடுவார்கள். கம்பெனிக் கணக்கில் உன் வேலை மூன்று நாள். அதற்கு மட்டும் காகிதம் தயாரித்துவிட்டால் உன் சொந்த இரண்டு நாளும் காகிதத்திலேயே இல்லாமல் போகும். அட்மினில் நீயே போய் உட்கார்ந்து, எல்லாத் தேதியும் ஊர் திரும்பும் நாள் வரை போட்டிருக்கிறதா என்று பார். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே வாங்குகிறார்கள். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சிக்கல் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம் என்பதும் அதே விதிதான். பிப்ரவரிக்கு இப்போதே எழுதிப் போடு.

எங்கள் காலத்தில் லீனியாபெல்லே போலோனியாவில் நடந்தது. 2014இல்தான் மிலானுக்கு வந்தது. மிலான் என்று பெயரே தவிர, கண்காட்சி நடக்கிற இடம் ஊருக்கு வெளியே, ரோ என்ற ஊரை ஒட்டி. மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி நிலையம் ரோ ஃபியெரா. ஊருக்குள் போகிற சாதா டிக்கெட் அங்கே செல்லாது. தெரியாமல் அதை வைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே அபராதம் கட்டிவிட்டு முழிப்பார்கள். இப்போது வங்கி கார்டையே கேட்டில் தட்டிப் போகலாம், இறங்கும்போதும் தட்டினால் சரியான கட்டணத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டியே வரும். கிளம்புமுன் வங்கி ஆப்பில் அதைத் திறந்துவை.

ஓட்டலும் அந்தச் சிவப்புத் தடத்தின் ஓரமாகவே இருக்கட்டும் என்று கேள். மல்பென்சா விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் ஒன்று கதோர்னாவில் முடிகிறது. சிவப்புத் தடம் அங்கேயும் நிற்கும், துவோமோ தேவாலயச் சதுக்கத்திலும் நிற்கும், ரோவுக்கும் போகும். கண்காட்சி சமயத்தில் அறை வாடகை ஏறிவிடும் என்பதால் சீக்கிரம் போடச் சொல்.

சுற்றிப் பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். ஒரு நாளுக்கு ஒரு விஷயம் முன்பதிவு, மிச்சமெல்லாம் நடைதான்.

முதல் நாளுக்கு லியனார்டோவின் 'கடைசி இராவுணவு'. சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் இருக்கிறது. சின்னக் கூட்டமாக உள்ளே விட்டு 15 நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். திங்கள் விடுமுறை. டிக்கெட் பல வாரம் முன்னாலேயே தீர்ந்துவிடும், ஆகவே விசா முத்திரை விழுந்த அன்றே போடு. தோல் ஃபினிஷிங்கிலேயே காலம் தள்ளியவன் நான், எனக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் தொழில் புத்திதான் வந்தது. ஈரச் சுண்ணாம்பில் தீட்டியிருந்தால் நிறம் உள்ளே இறங்கிப் பிடித்திருக்கும். அவர் நிதானமாக வேலை செய்ய ஆசைப்பட்டு உலர்ந்த சுவரில் தீட்டினார். 1498 வாக்கில் முடித்த ஓவியம் அவர் உயிரோடு இருக்கும்போதே பொரிந்து உதிரத் தொடங்கிவிட்டது. கிரஸ்ட் தோலில் கொழுப்பு நிற்கும்போது பேஸ் கோட் அடித்தால் லாஸ்டிங்கில் அச்சின்மேல் இழுத்ததும் உரிந்துவருமே, அதே கதை. 1943இல் குண்டு விழுந்து கூரை போனது. மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் அந்தச் சுவர் நின்றது. பிறகு 1978இல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு 1999இல்தான் முடிந்தது. பார்ப்பதற்கு 15 நிமிடம் போதும், படித்துவிட்டுப் போனால்.

அங்கிருந்து தேவாலயம் வரை நடந்தே போகலாம். துவோமோ என்பார்கள், 1386இல் கட்டத் தொடங்கியது. உள்ளே பார்ப்பதைவிட மொட்டைமாடிக்கு ஏறு. லிஃப்ட் உண்டு, நீ சின்னவள், படியில் போ. பளிங்குக் கோபுரங்களுக்கு நடுவே கூரைமேலேயே நடக்கலாம். கீழே சதுக்கத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே உன் மணிக்கட்டில் வண்ண நூல் கட்ட வருவான், இன்னொருவன் புறாவுக்குப் போட என்று கையில் சோளம் திணிப்பான். இரண்டுக்கும் பிறகு காசு கேட்பார்கள். கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நட. பக்கத்திலேயே 1867இல் திறந்த கண்ணாடிக் கூரை கேலரி. 1913இல் பிராதா தன் முதல் தோல் சாமான் கடையைப் போட்டது அங்கேதான். உள்ளே போக வெட்கப்படாதே. வாங்க வேண்டாம், எட்ஜ் பெயிண்ட்டையும் தையல் நெருக்கத்தையும் பார்த்துவிட்டு வா, கண்காட்சி ஸ்டாலில் கற்றுக்கொள்ள முடியாதது அது.

இரண்டாம் நாள்தான் நான் உண்மையில் சொல்ல நினைத்தது. நாளை உங்கள் கட்டிங் பிரிவில் ஆட்டம் கம்பெனியின் கிளிக்கிங் மெஷின் ஏதாவது நின்றால் அதன் பெயர்த்தகட்டைக் குனிந்து பார். விஜேவனோ என்று ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். ஆட்டம் கம்பெனியின் சொந்த ஊர். மிலானுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர், முக்கால் மணி நேர ரயில். ஆம்பூர் மாதிரி ஷூவால் பேர் வாங்கிய ஊர். ஷூவும் தைத்தார்கள், தைக்கிற மெஷினும் செய்தார்கள். அங்குள்ள கோட்டையில் காலணி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் செருப்பு ஒன்றை, மிலான் பிரபு லுடோவிகோவின் மனைவி பெயட்ரிச்சேயுடையது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு வருஷத்துத் தோல், நம்ம தொழில்காரர்கள் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டிய பொருள். திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முதல் நாள் இரவே பார்த்துக்கொள். கோட்டைக்குக் கீழே 1490களில் லுடோவிகோ கட்டுவித்த சதுக்கம். சுற்றிலும் தூண் வரிசை, காப்பிக் கடைகள். உன் பட்டியலில் யாரும் இதைச் சேர்க்கவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. இன்ஸ்டாகிராமில் வெனிஸ்தானே எடுபடும்.

காப்பியை நின்றுகொண்டே குடி. உட்கார்ந்தால் விலை வேறு, துவோமோ பக்கம் உட்கார்ந்தால் அழுதுவிடுவாய். சாப்பாட்டு ஓட்டல் பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்கு இத்தனை யூரோ சேர்ப்பார்கள். ஏமாற்று இல்லை, அது வழக்கம். மிலான் ரிசோத்தோவில் குங்குமப்பூ மணக்கும், ஆனால் குழைந்து வரும், ஆம்பூர்க்காரர்கள் அதைச் சோறு என்றே ஒப்புக்கொள்ளமாட்டோம். மாட்டெலும்பு மஜ்ஜை போடுவது மரபு, வேண்டாமென்றால் முதலிலேயே கேட்டுக்கொள். தண்ணீர் பாட்டில் வாங்காதே. தெருவோரம் பச்சை இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல தண்ணீர், காசில்லை.

அங்கே போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பார்த்து. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அப்படி வந்தால் அன்று விஜேவனோ வேண்டாம், ஊருக்குள் நடக்கிற நாளை அன்றைக்கு வை. கண்காட்சி ஸ்டாலில் கொடுக்கிற தோல் மாதிரி ஸ்வாட்ச் கார்டெல்லாம் சேர்ந்தால் நல்ல கனம் வரும். போகும்போது பெட்டி பாதி காலியாக இருக்கட்டும். உன் அம்மா ஊறுகாய் பாட்டில் கட்டிக்கொடுப்பாள், ஒன்றோடு நிறுத்தச் சொல்.

கைரேகை கொடுக்கச் சென்னைக்கு எந்தத் தேதியில் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் போன் பண்ணு. முதல் நாளே இங்கே வந்து தங்கிவிடு, காலையில் காட்பாடியில் நான் ரயில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா