வெயிலில் தண்ணீரை விடும் கூழ்

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சாயல்குடிப் பக்கம். போர் தண்ணீர் ஒரே உப்பு. குடிக்கக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, வெயிலில் வைத்தால் நல்ல தண்ணீராக விடும் கூழ் ஒன்று இருக்கிறதாம். பத்தாவது படிக்கும் என் மகள் சொல்கிறாள். நிஜமா? டயப்பரில் உள்ள கூழ்ப்பொடியை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

பதில்: அப்படி ஒரு கூழ் இருப்பது நிஜம். ஆனால் டயப்பர் பொடியை வைத்துச் செய்ய வேண்டாம்.

உங்கள் மகள் சொல்வது பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமர். ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் இழைகள் தண்ணீரைப் பற்றிக்கொண்டு உப்பி நிற்கும். சூடு அதைத் தாண்டியதும் தண்ணீரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளும். தண்ணீரைக் கொதிக்கவைக்கவே தேவையில்லை. என்னை இந்தப் பொருளிடம் ஈர்த்ததும் அதுதான். ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் 1968-லேயே இந்தக் குணத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். குடிநீருக்கு இதைத் திருப்பியது, 2011-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு.

ஆனால் கூழ் சல்லடை இல்லை. உப்புத்தண்ணீரில் நேராகப் போட்டால் தண்ணீரோடு உப்பும் உள்ளே போய்விடும். அதனால் நடுவில் ஒரு சவ்வு வேண்டும். உப்பைத் தடுப்பது சவ்வு. மறுபக்கம் இருந்து தண்ணீரை இழுப்பது கூழ். ஆர்.ஓ.வில் பம்பு தள்ளிச் செய்யும் வேலையை இது இழுத்துச் செய்கிறது.

சிக்கலே அந்த இழுப்பில்தான். வெறும் பாலிமருக்கு இழுக்கும் பலம் குறைவு. சோடியம் அக்ரிலேட்டைக் கோத்தால் பலம் கூடும். ஆனால் பிடித்த தண்ணீரைச் சூட்டிலும் லேசில் விடாது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மொனாஷ் குழு சோதித்ததோ லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை. உங்கள் ஊருக்கு இன்னொரு தடையும் உண்டு. சித்திரை வெயிலில் பகல் முழுக்க 32 டிகிரிக்கு மேல்தான். கூழ் சுருங்கியே கிடக்கும், உறிஞ்சாது. இரவில் உறிஞ்சவிட்டுப் பகலில் எடுக்க வேண்டும், அல்லது அந்த வரம்பு உயரும்படி பாலிமரையே மாற்றிச் செய்ய வேண்டும்.

டயப்பரில் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். அது உறிஞ்சும், வெயிலுக்குச் சுருண்டு தண்ணீரை விடாது. குடிநீருக்கென்று தயாரிக்காத பொடியில் பாலிமராகாத மூலப்பொருள் மிச்சம் இருந்தால் உடம்புக்கும் கேடு.

முதலில் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருந்தால் இந்தியத் தர விதிப்படி அது குடிக்க ஆகாது. மகளின் ஆர்வத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். கறுப்புத் தட்டில் உப்புத்தண்ணீர் ஊற்றி, மேலே கண்ணாடியைச் சாய்த்து மூடி, வழிந்து வரும் துளிகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை கிடைக்கும். தினமும் எவ்வளவு சேர்ந்தது என்று அவளே அளந்து எழுதிவைத்தால், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.